கூரத்துச் செப்பேடும் குரல் அறைகளும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரம் வைணவர்களுக்கு இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். வரலாறு படிப்பவர்களுக்கோ பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள் கிடைத்த ஊர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தச் செப்பேடுகளை, 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ட்ஸ் பதிப்பித்தார். சாளுக்கிய விக்கிரமாதித்தனோடு நடந்த போரைப் பற்றிய வரிகளுக்காகத்தான் வரலாற்று நூல்கள் அவற்றை அதிகம் மேற்கோள் காட்டுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றில் வரும் ஒரு பங்கீட்டுக் கணக்கு.

கொடையாகத் தந்த ஊரை 25 பங்காக்குகிறார்கள். கூரத்துச் சிவன் கோயிலின் வழிபாட்டுக்கும் பழுது பார்ப்பதற்கும் 3 பங்கு. நான்மறை கற்றவர்களுக்கு 20 பங்கு. ஊரில் இருந்த மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர ஒரு பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு.

அந்தக் கடைசிப் பங்கில் ஒருவருக்குக் குரல் தரப்படுகிறது. எந்த இடத்தில் பேசலாம் என்பதும், எதை வாசிக்கலாம் என்பதும், அதற்கு என்ன கிடைக்கும் என்பதும் அதிலேயே அடங்கிவிட்டன. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தருபவர் தனி ஆள். கோயில் காரியம் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். பாரதம் வாசிப்பவர் வாசிக்கலாம், அவ்வளவுதான்.

டிஸ்கார்டிலோ டெலிகிராமிலோ ஒரு குரல் அறையை நடத்தியவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். ‘பேச மட்டும் விடு, வேறெதற்கும் அதிகாரம் தராதே’ என்ற இந்த எளிய ஏற்பாட்டைச் சரியாகச் செய்யத்தான் அங்கே ஆயிரம் தடுமாற்றம்.

முதலில், எல்லோரையும் ஏன் பேச விட முடியாது என்பதைப் பார்த்துவிடலாம். மரியாதை, ஒழுங்கு என்பதெல்லாம் பிறகு. அடிப்படைக் காரணம் அறிவியல் சார்ந்தது. மனிதர்கள் நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு ஆகும் இடைவெளி வியக்கத்தக்க அளவு குறுகியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடிதான் இருந்தது. ஏறக்குறைய கண் இமைக்கும் நேரம். எதிரில் இருப்பவர் முடிக்கப் போகிறார் என்பதை அவர் குரலின் இறக்கம், மூச்சு, பார்வை எல்லாவற்றையும் வைத்து முன்கூட்டியே ஊகித்துத்தான் நாம் வாய் திறக்கிறோம்.

இணையத்தில் பார்வை இல்லை, மூச்சு சரியாகக் கேட்பதில்லை. அதற்கும் மேல் தாமதம் சேர்கிறது. ஒருவர் பேசியது மறுமுனையில் கேட்க 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கூரத்திலிருந்து ஒருவரும் டொராண்டோவிலிருந்து ஒருவரும் ஒரே அறையில் இருந்தால் அந்த வரம்பைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. மௌனம் விழுந்துவிட்டது என்று நினைத்து இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். இருவரும் நிறுத்துவார்கள். ‘நீங்க சொல்லுங்க’, ‘இல்ல, நீங்க சொல்லுங்க’ என்பார்கள். மறுபடியும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள்.

இந்த மோதலைக் கணினி வலைப்பின்னல் அறிஞர்கள் எப்போதோ கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் அமைத்த அலோஹா என்ற வானொலி வலைப்பின்னலில், தகவல் அனுப்ப விரும்பும் கணினி யாரையும் கேட்காமல் அனுப்பிவிடும். இன்னொன்றின் தகவலோடு மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பும். இப்படி நடத்தினால் மொத்த நேரத்தில் அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் பயன்படும், மீதி மோதலிலும் வெறுமையிலும் போய்விடும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்ததும் அந்த வரம்பு சுமார் 37 சதவீதமாக, இரு மடங்காக உயர்ந்தது. மனிதப் பேச்சு வானொலித் துடிப்பு அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு சிறிய முறை எத்தனை குரல்களைக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

இன்னொரு காரணம் சர்வரின் சுமை. பெரும்பாலான குரல் அறைகள் ஓப்பஸ் என்ற ஒலிச்சுருக்க முறையைப் பயன்படுத்துகின்றன. 2012இல் இணையத் தரமாக அறிவிக்கப்பட்டது அது. வழக்கமான அமைப்பில் உங்கள் பேச்சை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, விநாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறது. அறையில் 500 பேர் கேட்கிறார்கள் என்றால், சர்வர் அந்த 50ஐ ஒவ்வொருவருக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். அதாவது விநாடிக்கு 25,000. பத்துப் பேருடைய மைக் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் இரண்டரை லட்சம். அவர்களில் ஒன்பது பேர் ஒன்றும் பேசாமல், பின்னால் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாலும் மின்விசிறிச் சத்தம் ஐந்நூறு வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். ட்விட்டர் ஸ்பேசஸ் ஒரே நேரத்தில் 13 பேருக்கு மேல் பேச முடியாதபடி வரம்பு வைத்ததும், கேட்பவர்களுக்கு அத்தகைய வரம்பு இல்லாததும் இந்தப் பின்னணியில் புரியும்.

குரல் தருவது என்ற எண்ணம் இணையத்துக்குப் புதிதல்ல. பின்லாந்தின் ஔலு நகரில் 1988இல் யார்க்கோ ஓய்க்கரினன் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்ற உரையாடல் முறையில் எழுத்து மட்டும்தான், ஒலியே கிடையாது. ஆனாலும் அதில் ஒரு வழி இருந்தது. அறையை நடத்துபவர் அதை நெறிப்படுத்திய அறை என்று அறிவித்துவிட்டால், நடத்துநர்களும் குரல் பெற்றவர்களும் மட்டுமே எழுத முடியும். மற்றவர்கள் படிக்கலாம். குரல் பெற்றவர் இன்னொருவருக்குக் குரல் தர முடியாது, யாரையும் வெளியேற்ற முடியாது. கூரத்துப் பாரத வாசிப்பாளரின் நிலையும் இதேதான்.

அதன்பின் வந்தவை இதையே நுணுக்கமாக்கின. கணினி விளையாட்டுக்காரர்களிடம் புகழ்பெற்ற டீம்ஸ்பீக்கில் பேசும் ஆற்றல் ஒரு எண். அறைக்கு ஒரு எண் இருக்கும், உங்களுக்கு ஒரு எண் இருக்கும், உங்களுடையது குறைவாக இருந்தால் உங்கள் குரல் வெளியே கேட்காது. 2015இல் வந்த டிஸ்கார்ட் எண்ணை விட்டுவிட்டு பிட்டுகளுக்கு வந்தது. அங்கே ஒவ்வோர் அனுமதியும் ஒரு பெரிய எண்ணில் ஒரே ஒரு பிட். அறைக்குள் நுழைய ஒரு பிட், பேச ஒரு பிட், பிறர் மைக்கை அணைக்க ஒரு பிட். பேசும் அனுமதி 2இன் 21ஆவது அடுக்கு, அதாவது 20,97,152. அந்த ஒரு பிட் 1 ஆக இருந்தால் பேசலாம், 0 ஆக இருந்தால் கேட்கலாம்.

இவை அடுக்கடுக்காகக் கணக்கிடப்படுகின்றன. முதலில் எல்லோருக்கும் பொதுவான அனுமதி, அதன் மேல் ஒருவர் வகிக்கும் ரோல்களின் அனுமதி, அதன் மேல் அந்த ஒரு அறைக்கான மாற்றம், கடைசியாக அந்த ஒரு ஆளுக்கான மாற்றம். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே அறையில் ஒருவருடைய ஒரு ரோல் பேச்சை மறுத்து, இன்னொரு ரோல் அனுமதித்தால் அனுமதிதான் நிற்கும். ‘தடை போட்டேனே, எப்படிப் பேசுகிறார்?’ என்று நள்ளிரவில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அட்மின்களுக்கு விடை பெரும்பாலும் இதற்குள் இருக்கும்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு குரல் அறை தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் மூத்த நெசவாளர் ஒருவர் கோர்வை போடுவதைச் சொல்லித் தருகிறார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டையும் ஊடை இழையால் பின்னிப் பிணைக்க மூன்று நாடா. நுணுக்கமான வேலை, கவனமாகக் கேட்க வேண்டிய பாடம். கேட்பவர்களில் பாதிப் பேர் தறியில் உட்கார்ந்தபடியே கேட்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் பேச்சு அனுமதி தந்து, குரலைக் கேட்டதும் மைக் தானே திறக்கும் வசதியையும் விட்டுவைத்தால் என்ன நடக்கும்? மைக்குக்குத் தறி அடிக்கும் சத்தமும் குரல்தான். ஒவ்வோர் அடிக்கும் மைக் திறந்து மூடும். நான்கு தறி ஓடினால் ஆசிரியர் குரல் அடிபட்டுப் போகும்.

சரி, பொத்தானை அழுத்தினால்தான் மைக் திறக்கும் என்று வைக்கலாமா? டிஸ்கார்டில் அது தனி பிட். பேச அனுமதித்து, தானாகத் திறக்கும் உரிமையை மட்டும் எடுத்துவிட முடியும். ஆனால் தறியில் இருப்பவரின் இரண்டு கையும் வேலையில் இருக்கின்றன. பொத்தானை அழுத்த அவர் தறியை நிறுத்த வேண்டும். நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. கேள்வி கேட்க விரும்புகிறவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பதுதான் அந்த அறைக்குப் பொருத்தம். இருபது பேர் உள்ள அறையில் இந்த ஒரு பிட் போதும். இருநூறு பேர் என்றால் 2021இல் டிஸ்கார்ட் கொண்டுவந்த மேடை அறை தேவைப்படும். அதில் நுழைகிறவர்கள் எல்லோரும் கேட்பவர்களாகவே நுழைகிறார்கள். கையுயர்த்தினால் அந்த நேரம் பதிவாகும், நடத்துநர் ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பார். அதற்கு ஓராண்டு முன்பு வந்த கிளப்ஹவுஸ் புகழ்பெறச் செய்த முறை அது. பெருந்தொற்றுக் காலத்தில் தமிழில் இரவெல்லாம் நடந்த அரசியல், சினிமா அரட்டைகளில் கையுயர்த்திக் காத்திருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

இதுவரை பார்த்தது பேசுபவருக்கு உரிமை தருவது. உண்மையான சிக்கல் அந்த உரிமையைத் தருகிறவரிடத்தில் இருக்கிறது.

மூத்த நெசவாளருக்கு நேரமில்லை. மேடைக்கு ஆள் அழைக்கும் வேலையை ஓர் இளைஞரிடம் ஒப்படைக்க நினைக்கிறார். அந்த இளைஞருக்கு என்ன உரிமை தருவது? நம் ஊர்க் குழுக்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ‘தம்பி, உன்னை அட்மின் ஆக்கிட்டேன், பாத்துக்கோ.’ ஒரே சொடுக்கில் அறையை அழிக்கவும், ஆட்களை நீக்கவும், தன்னைப் போல் இன்னும் பத்து அட்மின்களை உருவாக்கவும் அவருக்கு வழி பிறந்துவிடுகிறது. வேண்டியிருந்ததோ ‘இவர் பேசட்டும்’ என்று சொல்லும் உரிமை மட்டும்.

ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கணினிப் பாதுகாப்புக் கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. ஒவ்வொருவரும், ஒவ்வொரு நிரலும், அந்த வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரத்தோடு மட்டும் இயங்க வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட கொள்கைகளில் ஒன்று. கெட்டவரைத் தடுப்பது மட்டும் அதன் நோக்கம் அல்ல. நல்லவர் கை தவறினாலும், அவருடைய கணக்கை யாராவது திருடினாலும் சேதம் சிறிதாக இருக்க வேண்டும்.

ஆனால் செயலிகள் தரும் பிட்டுகள் நமக்கு வேண்டிய வடிவத்தில் எப்போதும் வெட்டப்பட்டிருப்பதில்லை. டிஸ்கார்டின் சாதாரணக் குரல் அறையில் பிறர் மைக்கைத் திறந்துவிடும் உரிமையும் அதை அணைக்கும் உரிமையும் ஒரே பிட்டில் இருக்கின்றன. ‘திறக்கலாம், அணைக்கக் கூடாது’ என்று பிரிக்க வழி இல்லை. அதனால் பலர் பாட் எனப்படும் தானியங்கி நிரல் ஒன்றை நடுவில் வைக்கிறார்கள். அதிகாரம் பாட்டிடம் இருக்கும். இளைஞர் பாட்டிடம் சொல்வார், பாட் மைக்கைத் திறக்கும். அவர் அணைக்கச் சொன்னால் பாட் மறுத்துவிடும். அழகான ஏற்பாடு, ஆபத்தானதும்கூட.

நார்ம் ஹார்டி என்ற பொறியாளர் 1988இல் பதிவு செய்த ஒரு நிகழ்வு இந்த ஆபத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. பலர் பகிர்ந்து பயன்படுத்திய ஒரு கணினியில், நிரல்களைத் தொகுக்கும் கம்பைலர் தன் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தை ஒரு கோப்பில் எழுத வேண்டியிருந்தது. அதற்காக, அந்தக் கோப்பு இருந்த கோப்புறையில் எழுதும் உரிமையை அதற்குத் தந்திருந்தார்கள். கட்டணக் கணக்கு இருந்த கோப்பும் அதே கோப்புறையில்தான். ஒரு பயனர் கம்பைலரிடம் ‘வெளியீட்டை இந்தப் பெயரில் எழுது’ என்று கணக்குக் கோப்பின் பெயரைத் தந்தார். அவருக்கு அதில் எழுத உரிமை இல்லை, ஆனால் கம்பைலருக்கு இருந்தது. அது கணக்கை அழித்து எழுதிவிட்டது. கம்பைலரில் பிழை இல்லை. யார் சார்பாக, யாருடைய உரிமையில் இயங்குகிறோம் என்பது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஹார்டி இதைக் குழம்பிப்போன பிரதிநிதி என்று அழைத்தார். முழு அட்மின் அதிகாரத்தோடு உலவும் ஒவ்வொரு பாட்டும் அப்படி ஒரு பிரதிநிதி ஆகக்கூடியதுதான். கேட்பவர் யார், எந்த அறைக்காகக் கேட்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்காத பாட், முதல் குறும்புக்காரர் வரும் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். பாட்டுக்கும் மைக் சம்பந்தமான பிட் மட்டும், அந்த ஓர் அறைக்கு மட்டும் தருவதே முறை.

பேசும் உரிமையே இல்லாமல் நிறுத்தும் உரிமை மட்டும் ஒருவருக்கு இருக்கலாமா? கூரத்தாழ்வானைப் பற்றிக் குருபரம்பரை சொல்லும் ஒரு செய்தி இங்கே பொருந்துகிறது. இராமானுசர் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல ஆழ்வான் எழுதினார். ‘நான் சொல்வது சரியில்லை என்று உமக்குப் பட்டால் எழுதுவதை நிறுத்திவிடும்’ என்பது ஆசாரியர் வைத்த ஏற்பாடு. மறுத்துப் பேசவோ வரியைத் திருத்தவோ சீடருக்கு உரிமை இல்லை. எழுத்தாணியை நிறுத்தலாம். ஆன்மாவின் இயல்பைப் பற்றிய ஓர் இடத்தில் அவர் நிறுத்தினார், ஆசாரியர் கோபித்துக்கொண்டார், பிறகு யோசித்துச் சீடர் பக்கம் நியாயம் இருப்பதை ஏற்றார் என்கிறது மரபு. மிகச் சிறிய உரிமை, ஆனால் ஒரு பெரிய நூலின் போக்கையே மாற்றக்கூடிய உரிமை. குரல் அறைகளில் பேச்சு பிட்டும் அணைக்கும் பிட்டும் தனித்தனியாக இருப்பதால், வாய் திறக்காமல் கவனித்துக்கொண்டிருந்து, வசை தொடங்கும்போது மைக்கை அணைக்க மட்டும் உரிமை பெற்ற ஒருவரை வைக்க முடியும். பெண்கள் பேசும் அறைகளில் இப்படி ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அங்கே பேசியவர்கள் அறிவார்கள்.

தந்த உரிமை என்றைக்கு முடிகிறது என்பதில்தான் இன்றைய செயலிகள் மிகவும் பின்தங்கியிருக்கின்றன என்பேன். ஒரு கூட்டத்துக்காகத் தந்த ரோல் மூன்று ஆண்டுகள் கழித்தும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த கல்வெட்டுகள் இதை நேராகவே கையாளுகின்றன. குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தார் 360 நாள் பணி செய்து நீங்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழப்பார்கள். காலக்கெடு, இடைவெளி, கணக்கு மூன்றும் அதில் இருக்கின்றன. டிஸ்கார்டில் யார் யாரை அணைத்தார் என்ற பதிவேடு உண்டு. ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. தானாகக் காலாவதி ஆகும் ரோலுக்கோ வெளியிலிருந்து ஒரு பாட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பழைய சபைகளைப் போற்றும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. திருநெல்வேலிச் சீமையின் மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், சுமார் 800இல், சபையில் யார் பேசலாம் என்று வகுத்த கல்வெட்டு இருக்கிறது. எடுத்ததற்கெல்லாம் ‘இல்லை’ என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது அது. அதே கல்வெட்டுதான் நிலப்பங்கும் வேதப் பயிற்சியும் இல்லாதவர்களை அந்தச் சபையின் பேச்சுக்கு வெளியே நிறுத்துகிறது. அந்த நிலத்தில் உழுதவர்களுக்கும், ஊர்ப் பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. உத்திரமேரூரிலும் இப்படித்தான். பேசும் உரிமையை வகுக்கும் எந்த அமைப்பிலும், அதைக் கேட்டுப் பெறும் வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. டிஸ்கார்ட் ‘பேச அனுமதி கேட்பது’ என்பதையே ஒரு தனி பிட்டாக வைத்திருக்கிறது. ஒருவருக்குப் பேச்சை மறுக்கலாம், அதற்குக் காரணம் இருக்கலாம். கையுயர்த்தும் பிட்டையும் பறித்துவிட்டால் அவர் பேச விரும்புவதே யாருக்கும் தெரியாது. அதைப் பறிக்கத் தகுந்த காரணம் மிக அரிது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பொறுப்பில் ஒரு குரல் அறை இருந்தால், அது ஊர்க்காரர் குழுவாக இருக்கட்டும், படிப்பு வட்டமாக இருக்கட்டும், இன்றே அமைப்புகளைத் திறந்து அட்மின்களை எண்ணுங்கள். ஒவ்வொருவருக்கும் எந்த வேலைக்காக அந்த அதிகாரம் தரப்பட்டது என்று எழுதுங்கள். வேலை முடிந்தவர்களிடமிருந்து நன்றி சொல்லித் திரும்ப வாங்குங்கள். மேடைக்கு ஆள் அழைப்பவருக்கு அழைக்கும் உரிமை மட்டும் தாருங்கள், அந்த ஓர் அறைக்கு மட்டும். கேட்பவர்கள் எல்லோருக்கும் கையுயர்த்தும் அனுமதி இருக்கிறதா என்பதைச் சரிபார்த்துவிட்டு அமைப்புகளை மூடுங்கள்.